ஒரே புரோப், பல பிழைப்பு

யூடி எனும் மீயொலிச் சோதனையில் லெவல் டூ முடித்துவிட்டு வரும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, “அண்ணே, கல்ஃப்ல எவ்வளவு தருவான்?” என்பதைத்தான். எந்தத் தொழிலுக்குள் போகலாம் என்று கேட்பவர்கள் குறைவு. திருச்சி துவாக்குடிப் பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் தொடங்கி, சுத்திகரிப்பு ஆலை, கப்பல் என்று சுற்றிவிட்டு இப்போது வகுப்பும் எடுக்கிறேன். சம்பளத்தைத் தீர்மானிப்பது அந்தக் கேட்காத கேள்விதான் என்பது என் கணக்கு. சாதாரண வெப்பநிலையில் எஃகுக்குள் மீயொலி நெட்டலை எந்தத் தொழிலிலும் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில்தான் ஓடும். எந்தப் பொருளில் என்ன குறை வரும் என்பதுதான் தொழிலுக்குத் தொழில் மாறும்.

வெல்டிங்கைப் படிக்க ஃபேப்ரிகேஷன் பட்டறையை மிஞ்சிய இடம் இல்லை. 25 மி.மீ. தகடு, பட் ஜாயின்ட், 60 டிகிரி புரோப் என்று வைத்துக்கொள்வோம். திரையில் அடிப்பக்க ஆழத்தில் ஒரு சிக்னல் எழும்புகிறது. ரூட் சரியாக உருகவில்லையா, அல்லது ரூட்டில் வழிந்து நிற்கும் பீடு காட்டுகிற எதிரொலியா? ஸ்கேல் வைத்து அளந்து பார்க்க வேண்டும். சிக்னல் வெல்டின் மையக்கோட்டைத் தாண்டி, தகட்டின் தடிமனைவிடச் சற்றுக் கூடுதல் ஆழத்தில் விழுந்தால் பெரும்பாலும் பீடு. மையத்திலோ நம் பக்கமோ விழுந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். மறுபக்கமிருந்தும் ஓட்டிப் பார்த்த பிறகே சாக்பீஸை எடுக்கலாம். நல்ல ஜாயின்ட்டை வெட்டச் சொன்னால் வெல்டர் அடுத்த நாள் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். வெட்டும்போது பக்கத்தில் நின்று, கிரைண்டிங் சக்கரத்தின் கீழ் குறை வெளியே வருவதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு பட்டறையில்தான் உண்டு. எந்த வகுப்பிலும் அது கிடைக்காது. என் வகுப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சுத்திகரிப்பு ஆலை வேலை வேறு மாதிரி. ஷட்டவுன் சமயத்தில் ஆள் கிடைக்காது, நாள்கூலியும் ஓவர்டைமும் ஏறும். பெரும்பகுதி குழாய்களின் தடிமன் அளப்பதுதான். சுலபம் என்று நினைத்தால் ஏமாற்றிவிடும். குழாய் சூடாக இருந்தால் ஒலியின் வேகம் குறையும்; திருத்தம் செய்யாமல் அளந்தால் கருவி தடிமனைக் கூட்டிக் காட்டும். தேய்ந்த குழாய் நல்ல குழாயாகிவிடும். ஆனாலும் தடிமன் அளப்பதிலேயே வருடக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். கை பழகுமே தவிர, வெல்ட் சிக்னல் படிக்கும் கண் மழுங்கிவிடும்.

கப்பலிலும் தடிமன் வேலைதான் அதிகம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய சர்வேயில், வகைப்பாட்டுச் சங்கம் அங்கீகரித்த நிறுவனம்தான் அளக்க வேண்டும். அதனால் தனியாளாகப் போய் நிற்க முடியாது. ரயில்வேயில் தண்டவாளச் சோதனை நடந்தே செய்யும் வேலை. தண்டவாளத் தலைப்பகுதிக்குள் குறுக்கே ஓடும் விரிசலுக்கு 70 டிகிரி புரோப். வெயிலுக்கு அஞ்சாதவர்களுக்கு ஏற்றது. காற்றாலையில் போல்ட் சோதிக்க உயரம் ஏற வேண்டும். கயிற்றில் தொங்கி வேலை செய்யும் ஐராட்டா பயிற்சியும் இருந்தால் மதிப்பு கூடும்.

நிதானமான ஆட்களுக்கு விமானத் துறையைச் சொல்வேன். அங்கே நாஸ் 410 என்று தனி விதிமுறை; கூட்டுப்பொருள் அடுக்குகள் பிரிந்திருக்கிறதா என்று தேடும் வேலை. கோவை வட்டாரத்து வார்ப்படங்களும் பொறுமை கேட்பவையே. உலோகத்தின் தடித்த படிக மணிகளில் ஒலி சிதறி, திரை முழுக்கப் புல் முளைத்ததுபோல் இரைச்சலாக இருக்கும்.

காகித விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்என்டி-டிசி-1ஏ படி தரும் சான்றிதழ் வேலை கொடுக்கும் நிறுவனத்தின் பொறுப்பில் வருவது. கம்பெனி மாறினால் புது நிறுவனம் தன் பெயரில் மறுபடி சான்று தர வேண்டும். ஐஎஸ்ஓ 9712 படி வெளி அமைப்பு தரும் சான்று உங்களோடு வரும், செலவு அதிகம். எதுவானாலும், எந்தப் பொருள், என்ன தடிமன், எத்தனை மணி நேரம் என்று நோட்டில் எழுதி மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். வேலையை விட்ட பிறகு யாரும் போட்டுத் தரமாட்டார்கள்.

ஃபேஸ்டு அர்ரே, டோஃப்டி என்ற மேம்பட்ட மீயொலி முறைகள் இரண்டுக்கும் இப்போது கிராக்கி. ரேடியோகிராஃபி எடுத்தால் கதிர்வீச்சுக்குப் பயந்து சுற்றிலும் ஆட்களை வெளியேற்ற வேண்டும். இவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால் பல வேலைகளில் இவற்றுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் சாதாரண ஆங்கிள் புரோப்பில் ரூட் சிக்னலைப் பிரித்துச் சொல்லத் தெரியாதவருக்கு ஃபேஸ்டு அர்ரே காட்டும் வண்ணப் படம் வெறும் படம்தான்.

ஆகவே தம்பிகளே, முதல் இரண்டு வருடம் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இருங்கள். சம்பளம் குறைவுதான். விசாவை அதற்குப் பிறகு பாருங்கள்.