கெர்னல் பில்ட் நின்றுபோனால் எந்த வழி?

2020 டிசம்பரில் வந்த லினக்ஸ் 5.10-இன் மூலநிரலை, ஜிசிசி 15 கம்பைலர் உள்ள புதிய கணினியில் பில்ட் செய்தால் பாதியிலேயே நின்றுவிடும். ‘ஃபால்ஸ்’ என்பது மொழிக்குரிய சொல், அதை மாறிலியின் பெயராக வைக்க முடியாது என்கிறது கம்பைலர்.

நிரலை எழுதியவர்கள் தவறு செய்யவில்லை. ட்ரூ, ஃபால்ஸ் இரண்டையும் கெர்னல் தன் ஹெடர் கோப்பில் தானே வரையறுத்துக்கொண்டிருந்தது. சி மொழியின் சி23 தரம் அவற்றை மொழியின் சொற்களாக்கியது. 2025-இல் வந்த ஜிசிசி 15 அந்தத் தரத்தையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. கெர்னலின் பெரும்பகுதிக்கு எந்தத் தரம் என்பதை மேக்ஃபைல் சொல்லிவிடுகிறது. பூட் ஆகும்போது முதலில் ஓடும் பகுதிக்கோ தனி அமைப்பு. அங்கே அந்தக் குறிப்பு விட்டுப்போயிருந்தது.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன், கோளாறு கம்பைலரில்தானா என்று பார்க்க வேண்டும். பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது முதல் பிழை மேலே போய் மறைந்துவிடும். ஒற்றை வேலையாக மறுபடி ஓட்டினால் அது கண்ணில் படும். ஓபன்எஸ்எஸ்எல் ஹெடர் கிடைக்கவில்லை என்றால் அதன் டெவலப்மென்ட் தொகுப்பை நிறுவினால் போதும். கம்பைலரே ‘கில்டு’ என்று செத்தால் பெரும்பாலும் நினைவகம் போதவில்லை. இணை வேலைகளைக் குறைக்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் மூன்று வழிகள் உண்டு.

பழைய ஜிசிசி: பழைய கெர்னலை மாற்றாமல் அப்படியே ஓட்ட வேண்டியவர்களுக்கு இதுவே பாதுகாப்பானது. டெபியன், உபுண்டுவில் பல பதிப்புகளை அருகருகே நிறுவலாம். மேக் கட்டளையில் ‘சிசி’, ‘ஹோஸ்ட்சிசி’ இரண்டுக்கும் அந்தப் பதிப்பையே கொடுக்க வேண்டும். இரண்டாவதை மறந்தால் பில்டுக்கு உதவும் சிறு கருவிகள் புதிய கம்பைலரிலேயே உருவாகும். ஜிசிசி 10 வந்தபோது பழைய கெர்னல்களின் டிவைஸ் ட்ரீ கம்பைலர் ‘ஒரே மாறி இருமுறை வரையறை’ என்று உடைந்தது இந்த இடத்தில்தான்.

கிளாங்: ஜிசிசிக்கு மாற்றான கம்பைலர். கெர்னலை அதில் பில்ட் செய்யச் சொல்லும் ‘எல்எல்விஎம்=1’ என்ற ஒற்றை அமைப்பு 2020-இல் கெர்னல் 5.7-உடன் வந்தது. அதற்கு முந்தைய கெர்னல் என்றால் இந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. இணைக்கும் கட்டத்தில் நிரலை மேம்படுத்தும் தின்எல்டிஓ வேண்டுவோருக்கு கிளாங்தான் வழி. ஜிசிசி பிளகின்களை நம்பியிருப்போர் ஜிசிசியை விட முடியாது.

கிளாங்குக்கு இன்னொரு பயனும் உண்டு. 2014-இல் ஜிசிசி 4.9.0 பிழையே காட்டாமல் கம்பைல் செய்தது. ஆனால் ஷெட்யூலரின் ஒரு ஃபங்ஷனுக்குத் தவறான இயந்திரக் குறியீட்டைத் தந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அசெம்பிளியைப் படித்துப் பார்த்துத்தான் அதை உறுதிசெய்தார். அப்படியொரு சந்தேகம் எழும்போது, அதே நிரலை வேறொரு கம்பைலரில் பில்ட் செய்து ஒப்பிடுவது துப்பு கொடுக்கும்.

கெர்னலைப் புதுப்பிப்பது: பழைய பதிப்பில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்களுக்கு இதுவே நல்லது. நீண்டகால ஆதரவுள்ள கிளைகளுக்கு இத்தகைய திருத்தங்கள் பின்னோக்கிக் கொண்டுவரப்படுகின்றன. எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் ‘வெர்ரர்’ அமைப்பை அணைத்தாலே சில பில்டுகள் ஓடிவிடும்; ஆனால் அந்த எச்சரிக்கையை வாசித்த பிறகே அணைக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும், கம்பைலரை மாற்றியதும் ‘மேக் கிளீன்’ கொடுத்துவிட்டு ஆரம்பத்திலிருந்து கட்ட வேண்டும். தனியாகச் சேர்க்கும் டிரைவர் மாடியூல்களையும் கெர்னலைக் கட்டிய அதே கம்பைலரிலேயே கட்ட வேண்டும்.