வெறுங்காலும் விழிப்பும்



செம்மண் பூமியில் பிறந்து வளர்ந்த நாம், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மகன் குடியிருக்கும் இருக்கன்குடியில் வாழ்ந்து வருகிறோம். சாத்தூருக்குக் கிழக்கே, அருச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்த ஊர் இது. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயிலை நோக்கி வெறுங்காலுடன் வரும் அடியவர் கூட்டத்தை ஆண்டுதோறும் காண்கிறோம்.

வீட்டின் பின்புறம் வெண்டை, அவரை, புடலை, மல்லிகை கொண்ட சிறு தோட்டம் உண்டு. நீர் பாய்ச்சிய பாத்தியோரம் வெறுங்காலுடன் நிற்பது தனி இன்பம். மண் எவ்வளவு ஈரம் கொண்டுள்ளது என்பதைக் கையினும் முன்பாகக் காலே உணர்த்திவிடும். வெறுங்கால் மெல்ல நடக்கும். ஈரறிவுடைய மண்புழுவும் மூவறிவுடைய எறும்பும் செருப்பின் அடியில் நசுங்கினால் நாம் அறியமாட்டோம். ஆகவே வெறுங்காலே அகிம்சைக்கு உகந்தது என நெடுங்காலம் கருதியிருந்தோம்.

அக்கருத்தைத் திருத்தியது ஒரு முள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, "பாட்டி, நீங்கள் நடந்த இடமெல்லாம் இரத்தம்!" என்று பேத்தி கூவினாள். குதிகாலில் சீமைக் கருவேல முள் ஒன்று ஒடிந்து கிடந்தது. நமக்கோ வலியே இல்லை. நீரிழிவு நோய் பாதத்தின் உணர்ச்சியை மெல்ல மெல்லக் கவர்ந்திருந்தது. "எப்போது தைத்தது?" என்று மருத்துவர் வினவினார். வாழ்நாளெல்லாம் பிறரை வினவிய நமக்கு அவ்வினாவிற்கு விடை தெரியவில்லை.

மதுரைப் பாதம்

முள் தைப்பது சிறு செய்தியன்று. நமக்கு வடக்கேயுள்ள மதுரையின் பெயராலேயே ஒரு நோய் மருத்துவ நூல்களில் வழங்குகிறது. 1842-இல் மதுரை மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய கில் என்னும் மருத்துவர் இதனை விவரித்தார். 'மதுரைப் பாதம்' என்னும் பெயர் அவ்வாறு ஏற்பட்டது. 1860-இல் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், இதற்குக் காரணம் ஒருவகைப் பூஞ்சை என எடுத்துரைத்தார். புகழ்பெற்ற 'கிரேயின் உடற்கூற்றியல்' நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே. பாக்டீரியாவாலும் இந்நோய் வரும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

முள் தைத்த வழியே மண்ணிலுள்ள கிருமி உட்புகுகிறது. பாதத்தில் வலியில்லாத கட்டி தோன்றும். வலி இல்லாமையால் உழவர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆண்டுகள் சென்றபின் துளைகள் ஏற்பட்டு, சிறு மணிகள் போன்றவை சீழுடன் வெளிவரும். எலும்பும் அரிக்கப்பட்டுக் காலையே இழந்தோர் உளர். கட்டி சிறிதாயிருக்கும்போதே மருத்துவரை அடைந்தால் பாதத்தைக் காக்கலாம். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

பிற இடர்கள்

1. கொக்கிப்புழு: மனித மலம் கலந்த ஈரமண்ணில் வாழும் இதன் இளம்புழு, பாதத்தின் தோலைத் துளைத்து உட்புகும். பின்னர்க் குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சும்; சோகை உண்டாகும்.

2. இரணஜன்னி: இதன் கிருமிவித்து மண்ணில் நெடுநாள் வாழும். 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் நலம்.

3. பாம்பும் தேளும்: கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும் கரிசல் மண்ணின் பிளவுகள் இவற்றின் உறைவிடம். பாம்பு கடித்தால் இறுகக் கட்டுதலும், கீறுதலும் கூடா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனை செல்க. பாம்பினைக் கொல்லாது விடுக, அதுவும் ஐயறிவுயிரே.

ஈர்யா சமிதி கூறுவது யாது?

ஐவகைச் சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. பகலொளியில், பலர் நடந்து பழகிய வழியில், முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி, உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் நடத்தல் அதன் இலக்கணம். துறவியர் வெறுங்காலுடன் நடப்பினும், உயிர்களைக் காப்பது அவர்தம் பார்வையே. நாமோ பாதத்தை நம்பிப் பார்வையைத் தளரவிட்டோம். தன்னைத் தைத்த முள்ளையே அறியாத பாதம், மண்புழுவை எங்ஙனம் காக்கும்? இல்லறத்தார் செருப்பணிவதால் அகிம்சை குன்றாது. நோக்காது நடப்பதால் குன்றும்.

ஆகவே, நீரிழிவாளர் ஒருபோதும் வெறுங்காலுடன் தோட்டத்தில் இறங்கற்க. ஏனையோர் பெருக்கித் தூய்மை செய்த பாதையில், பகலில் மட்டும் நடக்கலாம். வந்தபின் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் பார்த்தல் வேண்டும்.

இப்பொழுது நம் பேத்தி பாதையில் வெறுங்காலுடன் நடக்கிறாள். நாம் செருப்பணிந்து பின்செல்கிறோம். பாத்தியருகே அமர்ந்து கையால் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறோம். இழந்தது சிறிதன்று, எனினும் நான்கு முழ நிலத்தை உற்று நோக்கும் பழக்கம் இம்முதிய வயதில் வாய்த்தது.

சிந்தனைக்கு:

1. வலியில்லாத கட்டி ஏன் அதிக ஆபத்தானது?
2. ஈர்யா சமிதியை இல்லறத்தார் தோட்டத்தில் எவ்வாறு கைக்கொள்ளலாம்?
3. இன்றிரவு உங்கள் இல்லத்துப் பெரியோரின் பாதங்களைப் பார்த்தீர்களா?

அறம் வளர்க!