வீட்டு வளவில் ஆவரசு

மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை முதலிய உலர் பகுதிகளில் வெளிகளிலும் தெருவோரங்களிலும் தானே வளர்ந்து மஞ்சட் பூப் பூப்பது ஆவரசு. இதனை ஆவாரை என்றும், சிங்களத்தில் ரணவரா என்றும் வழங்குவர். இந்நாட்டுக்குரிய இச்செடியைப் பற்றையென வெட்டியெறிந்துவிட்டு, கோடையிலும் கிணற்று நீர் வேண்டும் பிறநாட்டுச் செடிகளை வளவில் நடுவோர் பலர். ஆவரசை நட்டவர்களிற் சிலரும், அது பூக்கவில்லை, அலங்கோலமாக வளர்கின்றது எனப் பிடுங்கிவிடுகின்றனர். குறை செடியிலன்று, கத்தரிக்கும் முறையிலேயே உள்ளது.

விதையும் நடுகையும்

வெளியில் நிற்கும் வளர்ந்த செடியைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து பெரும்பாலும் பட்டுவிடும். ஆகவே விதையிலிருந்து வளர்த்தலே நன்று. விதையின் தோல் கடினமானது. சொரசொரப்பான மணலுடன் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஆவணி மாதத்திற் பைகளில் இடுக. மாரி மழை தொடங்கியதும், நல்ல வெயிலுள்ள, நீர் தேங்காத இடத்தில் 3 அடிக்கு ஒன்றாக நடுக. வேரூன்றிய பின் நீர் இறைக்க வேண்டியதில்லை. மிகுந்த எரு இட்டால் இலையே பெருகும்.

கத்தரித்தல்

ஆவரசின் பூங்கொத்துகள் புதிய கிளைகளின் நுனிப் பகுதியிலேயே தோன்றும். வேலியைப் போல அடிக்கடி மட்டமாக வெட்டினால் அரும்புகளும் உடன் போய்விடும்.

1. நாற்று ஓரடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளுக. அடியிலிருந்து கிளைகள் பரவும்.
2. பூக்காலம் ஓய்ந்தபின், மாரிக்கு முன், ஆண்டுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கைக் கத்தரிக்குக.
3. காய்ந்த நெற்றுகளை அப்போதே பறித்துவிடுக. விதைக்கு வேண்டியவற்றை எடுத்துவைக்குக.

இவ்வளவே செய்தால், செடி இடுப்பளவில் அடர்ந்து நின்று, முற்றத்துக்கு ஒழுங்கான எல்லையாகும்.

பயன்

கத்தரித்த குழையை வயலில் தாழ்க்கலாம். பூவை உலர்த்தி, அவித்த நீரைத் தேநீர் போல அருந்துவர். தோட்டக்காரருக்கு மற்றொரு நன்மையும் உண்டு. ஆவரசம் பூவில் தேன் இல்லை, மகரந்தமே உண்டு. கருவண்டு முதலிய பெரிய தேனீயினங்கள் பூவைப் பற்றி இரைந்து அதிர்த்தே அதனை உதிர்க்கும். கத்தரி, தக்காளிப் பூக்களின் மகரந்தமும் அவ்வாறே அதிர்வினால் உதிர்வது. எனவே கத்தரித் தோட்டத்துக்கு அருகே ஆவரசு பூத்திருப்பின், அவ்வண்டுகளுக்கு அங்கு எப்போதும் இரை இருக்கும். பூத்திருக்கும் வேளையிற் பூச்சிகொல்லி தெளித்தல் தவிர்க்கப்பட வேண்டும்.

அடுத்த மாரிக்கு முன், பற்றை வெட்டும் கமக்காரர் வேலியோரத்து ஆவரசில் இரண்டொன்றையேனும் விட்டுவைப்பாராக.