வால்யூம் 60, வசனம் பூஜ்யம்

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அயனம்பாக்கம். 1960களில் தொடங்கிய அந்தப் பேட்டையின் பிரஸ் ஷாப்களிலும் பட்டறைகளிலும் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். இரவு எட்டு மணி சீரியல் தெருமுனை வரை கேட்கிறதென்றால், அந்த வீட்டில் இரைச்சலில் உழைத்துத் தேய்ந்த காது ஒன்று இருக்கலாம். இது வெறும் முதுமைக் கோளாறு அல்ல. வேலையிடத்து இரைச்சலால் காது கேளாமல் போவதைத் தொழிற்சாலைகள் சட்டமே நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது.

ஆனால் வீட்டில் நடப்பது ரிமோட் சண்டைதான். அதற்குப் பின்னால் சில நம்பிக்கைகள் இருக்கின்றன.

“சத்தத்தைக் கூட்டினால் கேட்கும்”

சத்தம் கேட்கும், வசனம் புரியாது. வயதாலும் இரைச்சலாலும் பழுதாகும் காது முதலில் கோட்டைவிடுவது உச்சஸ்தாயி ஒலிகளை. இரைச்சலில் கெட்ட காதைப் பரிசோதித்தால், ஆடியோகிராம் கோட்டில் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தெரியும். உயிரொலிகள் கீழ்ச்சுருதியில் பலமாக ஒலிப்பதால் தப்பித்துவிடும். ச, த, க போன்ற மெய்யொலிகள் மங்கிவிடும். ‘சட்டை’, ‘கட்டை’, ‘தட்டை’ மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே காதில் விழும். வால்யூமைக் கூட்டினால் வசனத்தோடு பின்னணி இசையும் சேர்ந்து ஏறுகிறது. சீரியல் மாமியார் அதிர்ச்சியில் மூன்று முறை திரும்பும்போது வரும் ‘டொய்ங்’ மட்டும் ஊருக்கே கேட்கும்.

டிவி மீதும் குற்றம் உண்டு. பழைய டப்பா டிவிகள் பலவற்றில் ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்து இருந்தது. இன்றைய தட்டை டிவிகளில் பெரும்பாலும் அது அடியிலோ முதுகிலோ இருக்கிறது. பேச்சு சுவரில் மோதித்தான் நம்மிடம் வருகிறது. போதாததற்கு டைல்ஸ் தரை, வெறும் சுவர், ஐந்தில் சுழலும் ஃபேன். எனவே செலவில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்துவிடலாம்: நாற்காலியை டிவிக்குப் பாதித் தூரத்துக்கு நகர்த்துவது, ஜன்னலுக்குக் கனமான திரை போடுவது, சவுண்ட் செட்டிங்கில் பேச்சைத் தூக்கித் தரும் ‘கிளியர் வாய்ஸ்’ மாதிரி ஏதாவது இருந்தால் அதற்கு மாற்றுவது. இது எதுவும் போதவில்லை என்றால் ஒரு சின்ன ஸ்பீக்கரை டிவியோடு இணைத்து, காது மந்தமானவரின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடலாம். வீட்டில் மற்றவர்களுக்கும் நிம்மதி.

“அவருக்கு வேண்டியது மட்டும் நல்லாக் கேட்கும்”

குடும்பங்களில் அதிகம் புண்படுத்தும் பேச்சு இது. கனத்த ஆண்குரலில் செய்தி வாசித்தால் அப்பாவுக்குப் புரிகிறது. பேத்தி கூப்பிட்டால் திரும்புவதில்லை. இது நடிப்பில்லை. குழந்தைகள், பெண்களின் குரல் சுருதி உயர்ந்தது, ஆண்குரலைவிட அவர் இழந்த பகுதிக்குப் பக்கத்தில் நிற்கிறது. மனைவி சொல்வது மட்டும் காதில் ஏறாது என்ற பழைய கேலிக்குள் கொஞ்சம் அறிவியலும் இருக்கிறது. (அதைச் சாக்காகப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தப் பத்தி பொறுப்பல்ல.) மெதுவாகப் பேசினால் “என்ன?” என்பார், கொஞ்சம் உயர்த்தினால் “ஏன் கத்துறே?” என்பார். பழுதான உள்காதுக்குக் கேட்கத் தொடங்கும் அளவும் தாங்க முடியாத அளவும் நெருங்கிவிடுவதுதான் காரணம்.

“ஹெட்போன் மாட்டினால் இருக்கிற காதும் போய்விடும்”

காதைக் கெடுப்பது கருவியல்ல. ஒலியின் அளவும் நேரமும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பானது. ஹெட்போனில் அறை எதிரொலி குறுக்கிடாததால் குறைந்த அளவிலேயே பேச்சு தெளிவாகும். வாங்கும் முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சில டிவிகளில் ஹெட்போனை இணைத்தவுடன் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் வசதி செட்டிங்கில் உண்டா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். அடுத்தது தாமதம். சில புளூடூத் ஹெட்போன்களில் உதடு முந்திக்கொள்ளும், குரல் பிந்தி வரும். காது மந்தமானவர்கள் தம்மை அறியாமலே உதட்டைப் படிப்பவர்கள், அவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல்.

“காது மெஷின் வாங்கியாச்சு, இனி கவலையில்லை”

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் பல, எல்லா ஒலியையும் ஒன்றுபோலப் பெருக்குபவை. குக்கர் விசிலும் சேர்ந்து எகிறும். ஆடியாலஜிஸ்ட் பரிசோதித்து, அந்தக் காதின் ஆடியோகிராமுக்கு ஏற்ப அமைத்துத் தரும் மெஷின் வேறு. அதுவும் எதிரில் இருப்பவர் பேச்சுக்குத்தான் சிறப்பாக உதவும். ஹாலின் மறுகோடியில் இருக்கும் டிவிக்குத் திணறும். டிவியில் செருகி, ஒலியை நேராக மெஷினுக்கே அனுப்பும் ஸ்ட்ரீமர்களைச் சில மெஷின் நிறுவனங்களே விற்கின்றன. வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. பரிசோதனைக்கு அயனம்பாக்கத்துக்காரர்கள் வெகுதூரம் அலைய வேண்டாம், போரூர் ராமச்சந்திரா மருத்துவமனையிலேயே செவித்திறன் துறை இருக்கிறது. சில சமயம் வெறும் காதழுக்கோடு கதை முடிந்துவிடும். அதற்காக வீட்டில் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம்.

“சப்டைட்டில் இங்கிலீஷ் படத்துக்குத்தானே”

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், காது கேளாதோர் டிவி பார்க்கச் சைகை மொழியோ சப்டைட்டிலோ வேண்டும் என்கிறது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 செப்டம்பரில் அதற்கான தரவிதிகளையும் வெளியிட்டது. நடைமுறையில் தமிழ் சீரியலுக்குத் தமிழ் எழுத்து கிடைப்பது இன்னும் அபூர்வம். ஓடிடி படங்களிலும் ஆங்கிலத்தில் இருக்கும் அளவுக்குத் தமிழில் இருப்பதில்லை. அதுவரை ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகக் கிடைக்கும் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் கைகொடுக்கும். மொழியைத் தமிழுக்கு மாற்றி, போனை டிவி ஸ்பீக்கர் அருகே வைத்தால் பேச்சை எழுத்தாக்கித் தரும். செய்திக்கும் விவாதத்துக்கும் பரவாயில்லை. அந்த ‘டொய்ங்’ வரும் இடங்களில் அதுவும் தடுமாறும்.