ஞாயிற்றுக்கிழமை சினிமா

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து செல்போனில் குறும்படம் எடுக்க நினைக்கிறோம். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிறு மட்டும்தான் கிடைக்கும். தேறுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தேறும். கிறிஸ்டோபர் நோலனின் முதல் முழுநீளப் படம் ‘ஃபாலோயிங்’ (1998). லண்டனில், வேலைக்குப் போகும் நண்பர்களை வைத்து, வாரக் கடைசிகளில் மட்டும் எடுத்தார். ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. 16 எம்.எம். ஃபிலிம் விலை கையைக் கடிக்குமே என்று நாடகம்போல ஒத்திகை பார்த்து, ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். உங்களுக்கு ஃபிலிம் செலவில்லை; அதனால் இருபது டேக் போவீர்கள். எடிட்டிங்கில் உட்காரும்போது தெரியும் சேதி!

படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் காதில் விழாவிட்டால் எழுந்துவிடுவார்கள். ஆகவே காலர் மைக் வாங்குங்கள், ஃபேனை நிறுத்துங்கள். ஒரு காட்சியைப் பாதியில் விட்டால், அடுத்த ஞாயிறு நாயகன் முடிவெட்டிக்கொண்டு வந்து நிற்பான், ஜாக்கிரதை. ‘பதேர் பாஞ்சாலி’யில் சத்யஜித் ரே நாணல்பூக் காட்சியைப் பாதி எடுத்துவிட்டு மறுவாரம் போனால், பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்திருந்தன. அடுத்த பருவம்வரை காத்திருந்தார்.

ஆறு பேரில் ‘கட்’ சொல்வது யார் என்று இப்போதே பேசிவிடுங்கள். பிரியாணிக் கணக்கையும்.