விளையாட்டுப் பலகையே முதற் பாடநூல்



முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளுட் பலர் ஒன்று முதல் நூறு வரை தடையின்றி ஒப்புவிப்பர். ஆனால் எட்டுப் புளியங்கொட்டைகளை முன்னே பரப்பி, "எத்தனை உள்ளன?" என்று கேட்டால், விரல் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் ஓடும். எண்ணின் பெயர் தெரிந்திருக்கிறது; எண் தெரியவில்லை. இக்குறையை நீக்கும் பணி பள்ளிக்கு முன்பே இல்லத்தில் தொடங்க வேண்டும். அதற்குரிய கருவிகள் நம் பரணில் கிடக்கும் பல்லாங்குழியும் பரமபதப் படமுமே என்பதை விளக்குவது இப்பாடத்தின் நோக்கம்.

இல்லமே பள்ளியான காலம்

கொரோனா நோயினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், நம் மாநிலத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் திறந்தன. ஏறத்தாழ இருபது மாதங்கள் வீடே வகுப்பறையாயிற்று. அந்த இழப்பை ஈடுசெய்ய அரசு வகுத்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 2022 ஜூன் 13 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. எட்டு வயதிற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பதே அதன் குறிக்கோள். செயல்வழியாகவும் விளையாட்டின் வழியாகவும் கற்பிப்பது அதன் முறை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்டு முறையில் உழைக்கும் பெற்றோருக்கு, பிள்ளையோடு அமரக் கிடைப்பது கால் மணி நேரமே. அந்தக் கால் மணி போதுமா? போதும் என்பதற்குச் சான்று உண்டு.

பத்துக் கட்ட விளையாட்டு

அமெரிக்காவில் கீதா ராமணி, ராபர்ட் சீக்ளர் என்னும் ஆய்வாளர்கள், ஏழைக் குடும்பத்து மழலையரை 1 முதல் 10 வரை எண்ணிட்ட நேர்கோட்டுப் பலகையில் விளையாடச் செய்தனர். இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம், அவ்வளவே. எண்ணறிவு வளர்ந்தது, ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் நிலைத்திருந்தது. எண்களுக்குப் பதிலாக வண்ணங்கள் இட்ட பலகையில் ஆடியவர்களிடம் அவ்வளர்ச்சி இல்லை. 2008இல் வெளியான ஆய்வு இது.

இதனை நாமும் செய்யலாம். தரையில் சுண்ணக்கட்டியால் இடமிருந்து வலமாகப் பத்துக் கட்டங்கள் வரைந்து எண் எழுதுக. ஒரு புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தை வெண்மையாகத் தேய்த்துக் கொள்க. வெள்ளை விழுந்தால் ஒன்று. கருப்பு விழுந்தால் இரண்டு.

இங்கே முக்கியமான ஒரு விதி உண்டு. குழந்தையின் காய் நான்காம் கட்டத்தில் நிற்கிறது, இரண்டு விழுகிறது. நம்மில் பெரும்பாலோர் "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்த்துவோம். அவ்வாறன்றி, "ஐந்து, ஆறு" என்று கட்டத்தின் எண்ணையே சொல்லி நகர்த்தப் பழக்குக. எலிடா லாஸ்கியும் சீக்ளரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு தொடர்ந்து எண்ணிய குழந்தைகளே மிகுதியாகக் கற்றனர் எனக் காட்டியது. பலகை ஒன்றே, உடன் ஆடும் பெரியவர் எண்ணக் காட்டும் முறையில்தான் பாடம் இருக்கிறது.

பல்லாங்குழி

பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்து முத்துகள் இட்டால் எழுபது. முத்துகளை நிரப்பும் வேலையைக் குழந்தையிடமே விடுக. ஒரு குழி ஐந்து, இரு குழி பத்து, தன் பக்கத்து ஏழு குழிகளும் முப்பத்தைந்து. ஐந்தாம் வாய்பாடு கைவழியே மனத்தில் ஏறும். குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்கையில் ஒன்றுக்கு ஒன்று பொருத்தும் அறிவு வளர்கிறது. குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என எடுக்கும் முறையில், எண்ணாமலே நான்கைக் கண்டறியும் கூர்மை பிறக்கிறது. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தை முத்துகளை வாயிலோ மூக்கிலோ இட்டுக் கொள்ளாதபடி காத்தல் கடமை.

பரமபதம்

கடைகளில் கிடைக்கும் நூறு கட்டப் படத்தில் எண்கள் ஒரு வரிசையில் வலப்புறமும் அடுத்த வரிசையில் இடப்புறமும் செல்வதால், பத்துக் கட்டத்தில் தேறிய பின்னரே இதனைத் தருக. வடநாட்டுச் சமணரிடையே 'ஞானபாஜி' என்னும் பெயரில் 84 கட்டங்கள் கொண்ட பலகை வழங்கி வந்தது. நற்குணம் ஏணியாகவும் தீக்குணம் பாம்பாகவும் அமைய, உச்சியில் சித்தர் உலகம் விளங்கும். அதுபோல் நம் வீட்டுப் படத்திலும் ஏணியின் அடியில் 'பொறுமை', 'வாய்மை' என்றும், பாம்பின் தலையில் 'சினம்', 'பேராசை' என்றும் எழுதி ஒட்டினால், எண்ணோடு எழுத்தும் பயிலும்.

சூது ஆகாதா?

சூது ஏழு வியசனங்களுள் ஒன்றாயிற்றே, தாயக்கட்டையைக் குழந்தை கையில் தரலாமா எனச் சில இல்லங்களில் தயங்குவர். தயக்கம் நியாயமானதே. பணயம் வைப்பதே சூதின் வேர். ஆகவே காசோ, மிட்டாயோ, வேறு எப்பரிசோ பந்தயமாக வைக்கலாகாது. பந்தயமின்றி எண்ணிப் பழகுவது கல்வியே. அப்போதும் மனம் ஒப்பாதவர்கள், தாயம் உருட்டும் தேவையே இல்லாத பல்லாங்குழியையும் ஆடுபுலி ஆட்டத்தையும் கொள்ளலாம். மூன்று புலி, பதினைந்து ஆடு கொண்ட ஆடுபுலி ஆட்டம் ஏழு வயதினருக்கு ஏற்றது. அதில் ஆடுகள் வெல்வது கொன்று அன்று. ஒன்றாக நின்று புலியின் வழியை அடைத்து. இக்கருத்தைக் குழந்தைக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று: குழந்தை மகிழ வேண்டுமென ஒவ்வொரு முறையும் நீங்களே தோற்காதீர்கள். தோல்வியில் முகம் வாடாதிருக்கக் கற்பதும் இவ்விளையாட்டின் பாடமே.

இல்லப் பயிற்சி

1. இவ்வாரம் நான்கு நாட்கள், நாளும் 15 நிமிடம் பத்துக் கட்டம் ஆடுக. கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

2. காய் நகரும்போது குழந்தை கட்டத்தின் எண்ணைச் சொல்கிறதா எனக் கவனிக்க. சொல்லாவிடில் திருத்திக் கடியாமல், உங்கள் முறை வரும்போது நீங்கள் உரக்கச் சொல்லிக் காட்டுக.

3. வார இறுதியில் எட்டுப் புளியங்கொட்டைகளைப் பரப்பி, "எத்தனை?" என்று கேளுங்கள். விரலும் வாயும் சேர்ந்து நடந்தால், உங்கள் குழந்தை கணிதத்தின் முதற்படி ஏறிவிட்டது.