புரிகளைச் சேர்த்து முறுக்குகையில் இழுவிசை ஒத்திருத்தல்

மைசூர் நகரில் தேவராஜ மொஹல்லா வாணிபத்துக்குப் பெயர்பெற்ற பகுதி. தேவராஜ மார்க்கெட்டும் அதனை அடுத்த கடைவீதிகளும் அதில் அடங்குவன. அக்கடைகளில் விற்கப்படும் மைசூர்க் கிரேப் பட்டுச் சேலையின் ஊடை இழை ஒன்றை உருவிப் பார்த்தால், மெல்லிய பட்டிழைகள் இரண்டோ மூன்றோ ஒன்றுசேர்த்து முறுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நகருக்கு வெளியே வயல்களின் மேலாகச் செல்லும் மின்கம்பியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவில் ஓர் எஃகுக் கம்பியும் அதனைச் சுற்றி ஆறு அலுமினியக் கம்பிகளும் முறுக்கப்பட்டிருக்கக் காண்போம். ஒன்று உடுக்கும் பொருள்; மற்றது மின்சாரம் தாங்கும் பொருள். எனினும் இரண்டையும் ஆக்கும் யந்திரத்தில் முதலாவதாகக் கவனிக்கவேண்டியது ஒன்றேயாகும்: சேர்த்து முறுக்கப்படும் இழைகள் யாவும், முறுக்கு விழும் இடத்தை அடையும்போது, ஒத்த இழுவிசையுடன் வந்து சேரவேண்டும்.

சொற்களைப்பற்றி முதலில் சிறிது கூறுதல் நலம். கயிற்றின் ஒரு கூற்றைப் 'புரி' என்பது பழந்தமிழ் வழக்கு. மூன்று கூறுகளால் ஆன கயிறு முப்புரி. பட்டிழையாயினும் உலோகக் கம்பியாயினும், சேர்த்து முறுக்கப்படும் ஒவ்வொன்றையும் இங்குப் புரி என்றே குறிப்போம். தொழிற்சாலைகளில் 'டென்ஷன்' என்றும், 'இறுக்கம்' என்றும் சொல்வதை இழுவிசை என்போம். இறுக்கம் என்ற சொல் முறுக்கின் நெருக்கத்தையும் குறிக்கக்கூடுமாதலால், பாடத்தில் அது குழப்பம் விளைவிக்கும்.

மைசூரில் பட்டு நெசவு ஆலையை 1912-ஆம் ஆண்டில் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் நிறுவினார். 1980 முதல் அது கர்நாடகப் பட்டுத் தொழிற் கார்ப்பொரேஷனின் பொறுப்பில் உள்ளது. கிரேப் துணிக்கு வேண்டிய ஊடை நூலை ஆக்குவதில் முறுக்குதலே பெரும்பகுதி வேலையாகும். கச்சாப் பட்டை நனைத்து, உலர்த்தி, கண்டுகளில் சுற்றி, இரண்டு அல்லது மூன்று இழைகளை இணையாகச் சேர்த்து, பின்னர் மீட்டருக்கு 2000-க்கு மேற்பட்ட சுற்றுகள் விழும்படி முறுக்குவர். கதிர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுழல, நூல் நிமிடத்துக்கு 4 மீட்டர் வீதம் இழுத்துக்கொள்ளப்படுமாயின், ஒரு மீட்டரில் 2500 முறுக்குகள் விழும் என்பது எளிய வகுத்தல் கணக்கு. இவ்வாறு வலமுறுக்கு நூலையும் இடமுறுக்கு நூலையும் இவ்விரண்டாக மாற்றி மாற்றி ஊடையில் செலுத்தி நெய்து, பின்னர்ப் பட்டின் கோந்தை நீக்கும்போது, துணி சுருங்கி நுண்ணிய சுருக்கங்களைக் கொள்கிறது. கிரேப்பின் அழகு அதுவே.

இனி, இழைகளை இணையாகச் சேர்க்கும் இடத்தில் ஓர் இழை தளர்ந்தும் மற்றது விறைத்தும் வந்தால் நேர்வது யாது? விறைத்த இழை நேராக நடுவில் நிற்கும்; தளர்ந்தது அதனைக் கொடிபோல் சுற்றிக்கொள்ளும். நூலைப் பார்த்தால் திருகாணியின் புரிபோல் மேடும் பள்ளமுமாகத் தோன்றும். இரண்டும் ஒன்றையொன்று தழுவவேண்டியிருக்க, ஒன்று தண்டாகவும் மற்றது அதன்மேல் படர்ந்த கொடியாகவும் ஆகிவிடுகின்றன. அத்தகைய நூல் நெய்யப்பட்ட இடத்தில் சேலையின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும். சாயமும் அங்கு வேறாகத் தோன்றும். 20 டெனியர் பட்டிழையைச் செலுத்தும் இழுவிசை சில கிராம் எடைக்கு மேற்படாது. அவ்வளவு சிறிய விசையில் ஒரு கிராம் வேறுபாடும் துணியின் முகத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.

சரிகையில் இச்சங்கடம் இன்னும் நுட்பமானது. மேற்படி கார்ப்பொரேஷனின் சேலைகளில் பயன்படும் சரிகையில் வெள்ளி 65 சதவீதமும் பொன் 0.65 சதவீதமும் உள்ளன. தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக்கம்பி, நடுவிலுள்ள நூலின்மேல் சுற்றப்படுகிறது. நூல் நீண்டு மீளும் இயல்புடையது. உலோகப் பட்டையோ அவ்வாறு மீளாதது. நடுநூல் இழுபட்ட நிலையில் சுற்றப்பட்டுப் பின்னர்ச் சுருங்குமாயின், பட்டையின் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அது தளர்ந்திருந்த இடத்தில் சுற்றப்பட்டுப் பின்னர்த் தறியில் நீளுமாயின், சுற்றுகள் விலகி உள்நூல் வெளியே தெரியும். எனவே ஒத்திருத்தல் என்பது எண்ணளவில் சமமாயிருத்தல் மட்டுமன்று. ஒவ்வொரு பொருளின் நீளும் தன்மைக்கு ஏற்ப இருத்தலாகும்.

பட்டில் பிழை நேர்ந்தால் நட்டம் சேலையோடு நிற்கும். மின்கம்பியில் நேர்ந்தால் நட்டம் வேறு வகையானது. காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து கோலார்ப் பொற்சுரங்கங்களுக்கு, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம், 1902-ஆம் ஆண்டில் மின்சாரம் கொண்டுசெல்லப்பட்டது. மைசூர் நகருக்கு 1908-இல் அது வந்தது. அன்று முதல் இப்பகுதியில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கம்பியின் உறுதியை நம்பியே மக்கள் அதன் கீழ் நடந்து செல்கின்றனர்.

கிராமப்புற மின்பாதைகளில் பெரிதும் காணப்படும் 'ராபிட்' என்னும் கம்பியை எடுத்துக்கொள்வோம். (இவ்வகைக் கம்பிகளுக்கு முயல், அணில், நாய் என்று விலங்குகளின் பெயர்களைச் சூட்டியது ஆங்கிலேயர் வழக்கம், குறியெண்ணைவிட அது நினைவில் நிற்பதால் இன்றும் நீடிக்கிறது.) அதில் 3.35 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பி ஒன்று நடுவிலும், அதே விட்டமுள்ள அலுமினியக் கம்பிகள் ஆறு வெளியிலும் உள்ளன. முழு விட்டம் 10.05 மில்லிமீட்டர். வெளிக்கம்பி ஒருமுறை சுற்றிவர எடுக்கும் நீளம், முழு விட்டத்தைப்போல் 12 மடங்கு, அதாவது ஏறத்தாழ 120.6 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அந்த ஒரு சுற்றில் வெளிக்கம்பி செல்லும் பாதை, செங்கோண முக்கோணத்தின் கர்ணம்போல், 122.4 மில்லிமீட்டர் ஆகிறது. எனவே 1000 மீட்டர் நீளக் கம்பிக்கு வெளிக்கம்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1015 மீட்டர் வேண்டும். நடுக்கம்பிக்கோ 1000 மீட்டரே போதும். ஆறு வெளிக்கம்பிகளும் இந்த 1015 மீட்டரைச் சமமாகப் பெறவேண்டும். இழுவிசையை ஒத்து வைப்பதன் நோக்கம் நீளத்தை ஒத்து வைப்பதே.

யந்திரத்தில் ஆறு உருளைகள் ஒரு பெரிய சுழலும் கூட்டில் பொருத்தப்பட்டிருக்கும். கம்பிகள் துளைத்தட்டின் வழியாகச் சென்று, முறுக்கு விழும் அச்சுத்துளையில் ஒன்றுகூடும். அப்பால் பெரிய சக்கரம் ஒன்று முறுக்கிய கம்பியை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் உருளையின் விளிம்பிலும் ஒரு தோல் வாரோ, நாடாவோ சுற்றி, சுருள்வில்லால் இறுக்கி, உருளை தானாக ஓடாதபடி தடை செய்வர். காலையில் வேலை தொடங்கும்போது ஆறு தடைகளையும் சரிபார்த்து ஒத்து வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று பல இடங்களில் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாது. தடை உருளைக்குக் கொடுப்பது திருப்புவிசையே. கம்பியின் இழுவிசை, அத்திருப்புவிசையை உருளையில் எஞ்சியுள்ள சுற்றின் ஆரத்தால் வகுத்தால் வரும் ஈவு. தடையைத் தொடாமலே இருந்தாலும், கம்பி குறையக் குறைய ஆரம் சுருங்கி, இழுவிசை ஏறிக்கொண்டே போகும். நிறைந்த உருளையின் ஆரம் 24 சென்டிமீட்டர், இழுவிசை 10 கிலோகிராம் எடை எனின், ஆரம் 16 ஆகும்போது இழுவிசை 15 கிலோகிராம். 12 ஆகும்போது 20 கிலோகிராம்.

ஆறு உருளைகளும் ஒரே அளவில் குறைந்துவந்தால் இழுவிசையும் ஒரே அளவில் ஏறும், தீங்கு பெரிதன்று. தீங்கு விளைவது ஓர் உருளையின் கம்பி முந்தித் தீர்ந்து, அதனிடத்தில் புதிய நிறை உருளையை வைக்கும்போதுதான். மற்ற ஐந்தும் 20 கிலோகிராம் இழுவிசையில் வர, இது 10 கிலோகிராமில் வரும். 10 கிலோகிராம் வேறுபாடு 3.35 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் நீள வேறுபாட்டை உண்டாக்கும். ஆகையால் ஆறு உருளைகளிலும் ஒரே நீளக் கம்பியைச் சுற்றி ஒரே வேளையில் ஏற்றுவது, எத்தனை விலையுயர்ந்த கருவியையும்விடப் பயன் தரும் பழக்கமாகும். இயலாதபோது, புதிய உருளையின் தடையைத் தனியே இறுக்கி, ஆரம் குறையக் குறையத் தளர்த்திவருதல் வேண்டும். கம்பியின்மேல் சாய்ந்துள்ள ஒரு கை தாழ்ந்தும் உயர்ந்தும் தடையைத் தானே திருத்தும் அமைப்பும் உண்டு.

தடையை மட்டும் அளந்து நின்றுவிடுவது மற்றொரு குறை. உருளைக்கும் அச்சுத்துளைக்கும் இடையே கம்பி பல இடங்களில் வளைந்து செல்கிறது. சுழலாத வளையத்தின்மேல் உராய்ந்து அரைவட்டம் திரும்பும் கம்பியில், உராய்வுக் குணகம் 0.2 எனின், இழுவிசை ஏறத்தாழ 1.9 மடங்காகிவிடும். கால்வட்டம் திரும்பினாலே 1.4 மடங்கை நெருங்கும். இது பெருக்கலாக வருவதால், தேய்ந்து பள்ளம் விழுந்த ஒரு வளையமோ, துருப்பிடித்து நின்றுபோன ஒரு சிறு கப்பியோ, ஒத்துவைத்த ஆறு தடைகளின் பயனையும் கெடுத்துவிடும். இழுவிசையை அச்சுத்துளைக்கு அருகிலேயே அளக்கவேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

விறைப்பு, தளர்வு இரண்டில் எது அதிகத் தீங்கு? பலர் விறைப்பை அஞ்சுவர். தளர்வே கொடியது என்பது என் கருத்து. மேலே சொன்ன 16 சென்டிமீட்டரால் விறைத்த கம்பி, மற்றவற்றைவிட 10 கிலோகிராம் அதிகமாகத் தாங்கும். அதன் முறிவு வலிமையில் அது ஏறத்தாழ 14-இல் ஒரு பங்கு. தடை தளர்ந்திருந்து, யந்திரம் திடீரென்று நிற்கும்போது, உருளை தன் வேகத்தால் மேலும் ஓடி, கம்பியைக் கொத்தாக அவிழ்த்துவிட்டால் நிலைமை வேறு. ஒரு மீட்டரில் 5 மில்லிமீட்டர் மிகுதியாக ஒரு கம்பி அமைந்துவிட்டதாகக் கொள்வோம். மின்பாதையில் தொங்கும் கம்பி தன் பளுவால் நீளுவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயிரத்தில் ஐந்து பங்கு மிகையான அக்கம்பி ஒருபோதும் பளுவைத் தொடாது. கணக்கில் ஆறு, தாங்குவதில் ஐந்து. அதன்றியும் அது வெளியே புடைத்து, காற்றில் அசைந்து, தேய்ந்து, முதலில் அறும். ஆனால் இதற்கு அஞ்சித் தடையை அளவுக்கு மீறி இறுக்கினால் மென்மையான உலோகம் நிலையாக நீண்டு மெலியும், மின்தடையும் கூடும்.

பள்ளியில் இதனை விளக்குவது எளிது. மேசையின் ஓரத்தில் மூன்று ஆணிகளை அடித்து, வெறும் நூல்கண்டுகளை எளிதில் சுழலுமாறு அவற்றில் மாட்டுக. மூன்று நூல்களை அவற்றின்மேல் போட்டு, தொங்கும் முனை ஒவ்வொன்றிலும் 100 கிராம் எடை கட்டுக. மறுமுனைகளை மூன்று துளையிட்ட அட்டையின் வழியாக இழுத்து, கைத்துளைக் கருவியின் கொக்கியில் சேர்த்துக் கட்டுக. அட்டையைச் சுழலவிடாமல் ஒரு மாணவன் பிடித்துக்கொள்ள, மற்றொருவன் கொக்கியைச் சுழற்றுவான்; முறுக்கு ஏற ஏற அட்டையை மெதுவாக நூல்கண்டுகளை நோக்கி நகர்த்தவேண்டும். மூன்று எடைகளும் ஒத்த உயரம் ஏறும். பின்னர் ஓர் எடையை 20 கிராமாகக் குறைத்து மீண்டும் செய்க. இம்முறை அந்த எடை மற்றவற்றைவிட உயர ஏறிவிடும். தளர்ந்த நூல் நீண்ட பாதையில் சுற்றிச்செல்வதே காரணம். கயிற்றிலும் அது கொடிபோல் படர்ந்திருக்கக் காணலாம். நூல்கண்டு ஒன்றைச் சுழலாமல் கட்டிவைத்து மூன்றாம் முறை செய்தால் உராய்வின் வேலையும் விளங்கும்.

களப்பணியாளர், வந்து சேர்ந்த கம்பியைச் சோதிக்க யந்திரம் தேவையில்லை. ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களில் கட்டுக்கம்பியால் இறுகக் கட்டி, கட்டுகளின் நடுவே அடையாளக் கோடிட்டு, அக்கோடுகளில் வெட்டவேண்டும். பிறகு கட்டுகளை அவிழ்த்து, கம்பிகளைத் தனித்தனியே பிரித்து, நேராக்கி அளக்கவேண்டும். மேற்சொன்ன முறுக்கில் வெளிக்கம்பிகள் ஆறும் ஏறத்தாழ 1015 மில்லிமீட்டர் இருக்கும். அவற்றுள் ஒன்று மட்டும் சில மில்லிமீட்டர் மிகையாக இருந்தால் அந்த உருளைக் கம்பியை ஐயுறுக. ஒரு துண்டோடு முடிவு செய்யாமல், சில மீட்டர் தள்ளி மற்றொரு துண்டையும் பார்ப்பது நன்று. உருளை ஓடிப்போனதால் வந்த தளர்வு ஓரிடத்தோடு நிற்கும், தடையின் பிழையோ நெடுக வரும். கம்பியைப் பாதையில் இழுக்கும்போதும், பிடிகருவி வெளிக்கம்பிகளை மட்டும் கவ்வி நழுவினால், தளர்வு முன்னே தள்ளப்பட்டுக் கம்பிகள் கூடுபோல் உப்பும். உப்பிய பகுதியைக் கையால் திருகி மூடி, அதன்மேல் இணைப்புக்குழலைப் பொருத்தி நசுக்குதல் கூடாது. உப்பல் முழுவதையும் வெட்டி நீக்கிய பின்னரே இணைக்கவேண்டும்.